பாரம் வந்து தங்கிய ஊர்

சந்தியாகுபட்டினத்துக்குப் பாரம் வந்தது மாதா கோயில் கொடியேற்றத்துக்கு முந்தின வாரம். எங்கேயிருந்து வந்தது, எதற்கு வந்தது என்று வெளியூர்க்காரர் யாராவது கேட்டால் ஊரார் அவரைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். வந்த ஆளை வாசலில் நிறுத்திவைத்து என்ன சோலி என்று விசாரிக்கிற வழக்கம் அந்தக் கடற்கரையில் கிடையாது. கொடிமரத்துக் கயிறு நேரே தொங்காமல் கிழக்கே சாய்ந்து நின்றது, காற்றே இல்லாத மத்தியானத்திலும் சாய்ந்துதான் நின்றது. கோயில் வாசலில் தீர்த்தத் தொட்டித் தண்ணீர் ஒரு கரையில் ஏறியும் மறு கரையில் இறங்கியும் கிடந்தது. ஏலக்கூடத்தில் கொட்டிய சாளை மீன் கொட்டின இடத்தில் கிடக்காமல் வழுக்கி வழுக்கி ஒரே மூலையில் போய்க் குவிந்தது. பிள்ளைகள் எறிந்த கோலி குழிக்குப் போகாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து உருண்டது. பஸ் நிறுத்தத்தில் போய்ப் பார்த்தால் ஒன்றுமில்லை. வெயில் அதுபாட்டுக்கு விழுந்தது, நாய் அதுபாட்டுக்குப் படுத்திருந்தது, கையை நீட்டினால் கை அதுபாட்டுக்குப் போய் வந்தது. ஆனால் அந்த இடத்தில் நின்றால் கால் கனத்தது, தலையில் இருக்கிற மீன்கூடை இன்னும் ஒரு கூடையைச் சுமக்கிற மாதிரி கனத்தது. அதனால் பாரம் என்று பேர் வைத்தார்கள், வேறு என்ன வைக்க.

ரொசாலிக்கு முதல் நாளே அதன்மேல் ஆத்திரம். தெற்குத் தெருவின் கடைசி வீடு அவளுடையது, அதற்கு அப்பால் மணல், அப்புறம் கடல். அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த நண்டுக் குழம்பு சட்டியோடு நகர்ந்து நகர்ந்து போய்க் கீழே விழுந்ததை அவள் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். "கண்ணுக்குத் தெரிஞ்சாலாவது ஒரு வாரியலால நாலு சாத்து சாத்தலாம், இதை என்ன செய்ய" என்று புருஷன் கஸ்பாரிடம் பொருமினாள். கஸ்பார் கீழே கிடந்த நண்டைப் பொறுக்கி ஊதித் தின்றுகொண்டே, வந்தது தங்கட்டும், நாம் என்ன சோறா போடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனான். கோபமே வராத ஆளைக் கட்டிக்கொண்டால் வீட்டுக் கோபம் மொத்தத்தையும் பெண்டாட்டிதானே பட்டுத் தீரவேண்டியிருக்கிறது.

ஊர் பழகிக்கொண்டது. கண்டக்டர் நிறுத்தத்துக்கு முன்னாலேயே விசிலடித்து ஆட்களை இறக்கிவிட்டார். மீன் விற்கிற பெண்கள் எடை கூடுமே என்று தொங்குதராசைப் பாரத்துப் பக்கம் கொண்டுபோய்த்தான் நிறுப்போம் என்று சண்டை பிடித்தார்கள், மீன் வாங்க வந்த வியாபாரி அங்கே கொண்டுபோகக் கூடாது என்று சண்டை பிடித்தார். பங்குச் சாமியார் பிரசங்கத்தில், அதுவும் ஆண்டவர் படைத்ததுதான், அதன்மேல் யாரும் எச்சில் துப்பவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பாரமும் ஓர் இடத்தில் அடங்கி இருக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் கொஞ்ச நாள், கல்லறைத் தோட்டத்தில் கொஞ்ச நாள் என்று சம்மன் இல்லாத விருந்தாளியாகத் தெருத் தெருவாகச் சுற்றியது. சுற்றினால் சுற்றட்டும் என்றுதான் விட்டிருப்பார்கள். ஆனால் ஒருநாள் அது கடற்கரைக்கு வந்தது, அன்றைக்குத்தான் வள்ளம் ஒன்று பாரில் ஏறி உடைந்தது.

பார் என்றால் கடலுக்குள் கிடக்கிற பாறை. ஊருக்கு முன்னால் இரண்டு பார், இரண்டுக்கும் நடுவில் ஒரு வள்ளம் போகிற அகலத்துக்கு வாசல். அதற்குத் தெற்கு வாசல் என்று பேர், அதில் நுழையக் கணியம் பார்ப்பார்கள்: கடலிலிருந்து பார்க்கும்போது கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் தேரிக்காட்டுத் தண்ணீர்த் தொட்டியும் ஒன்றை ஒன்று மறைத்து ஒரே கோடாக நிற்கவேண்டும், அந்தக் கோட்டைப் பிடித்து வந்தால் வாசல், ஒரு பாகம், இரண்டு கையை விரித்த தூரம், விலகினால் பாறை. அப்பன் காட்ட மகன் பார்த்து, அவன் காட்ட அவன் மகன் பார்த்து, ஒருநாளும் பிசகாத கணியம் அது. அன்றைக்குப் பிசகியது. கோபுரமும் தொட்டியும் ஒரே கோட்டில்தான் நின்றன என்று நீந்திக் கரையேறிய நாலு பேரும் கோயில் வாசலில் சத்தியம் செய்தார்கள்.

அதற்குப் பிறகுதான் தமயந்தி வந்தாள். மலைமேல் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வானத்தைப் பார்க்கிற வேலை அவளுக்கு. டாக்டர் பட்டம் வாங்கியவள் என்று தெரிந்ததும் ஊரார் டாக்டரம்மா என்று கூப்பிட்டு முழங்கால் வலியெல்லாம் சொன்னார்கள், அவளும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு கோயில் முற்றத்தில் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினாள்.

"நம்ம பால்வெளியில கண்ணுக்குத் தெரியற நட்சத்திரங்களோட எடை மட்டும் இருந்தா, அதுங்க சுத்தற வேகத்துக்கு எப்பவோ சிதறிப் போயிருக்கணும். தெரியாத ஒண்ணு சுத்தி நின்னு பிடிச்சு வெச்சிருக்கு. கரும்பொருள்னு சொல்றோம். அது வெளிச்சம் தராது, வெளிச்சத்தை மறைக்காது. ஆனா இழுக்கும். பக்கத்துல போற வெளிச்சத்தைக்கூட வளைக்கும், அதனாலதான் உங்க கோபுரம் நகர்ந்து தெரிஞ்சுது. அதுல ஒரு துண்டுதான் உங்க ஊர்ல வந்து இறங்கியிருக்கு."

"அதுக்கு ஏதும் படையல் வைக்கணுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"வேண்டாம்."

"அப்ப இருக்கட்டும்" என்றார் அவர், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இருக்கிற இடம் தெரியவேண்டுமே, அதுதான் காரியம். தமயந்தி வானத்தில் செய்துகொண்டிருந்ததையே ஊரில் செய்தாள். வானத்தில் சில நட்சத்திரங்கள் நேரம் தவறாமல் துடிக்கும். பக்கத்தில் ஏதாவது இழுத்தால் அந்தத் துடிப்பு துளி முந்தும், துளி பிந்தும். அந்தப் பிசகுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், ஒளிந்திருக்கிற கனம் எங்கே என்று வரைந்துவிடலாம், இது புது வழி என்றாள். ஊரில் நட்சத்திரத்துக்கு எங்கே போக. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு எல்லார் வீட்டிலும் இருந்தது. வாசல் நிலையில் நூல் கட்டி அதைத் தொங்கவிடச் சொன்னாள். பாரம் எந்தப் பக்கமோ குண்டு அந்தப் பக்கம் சாயும். தினமும் காலையில் தெருத் தெருவாக நடந்து சாய்வைக் குறித்துக்கொண்டு போவாள், எல்லாக் கோடும் எங்கே போய் முட்டுகிறதோ அங்கே பாரம். அதைப் பார்த்துத்தான் ஊர்க்கமிட்டி வள்ளங்களுக்குத் தெற்கு வாசலா, சுற்றிப் போகிற வடக்கு வாசலா என்று வாக்கிடாக்கியில் சொல்லும். அப்புறம் ஒரு வள்ளமும் உடையவில்லை.

ஆனால் ஊர் என்றால் ஊர்தானே. வாசலில் ஒன்று தொங்கினால் அதற்கு ஓர் அர்த்தம் சொல்லாமல் விடுவார்களா. குண்டு சாய்கிற வீட்டைப் பாரம் பிடித்த வீடு என்றார்கள். அந்த வீட்டில் தீராத வழக்கு இருக்கும், வெளியே சொல்லாத பாவம் இருக்கும், பொண்ணு எடுத்தால் பாரமும் கூடவே வரும் என்றார்கள். சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் நிலையைப் பார்த்தார்கள். ஊரின் மூன்று தெருவிலும் பெண் வைத்திருக்கிறவர்கள் விடிந்ததும் முதலில் குண்டைத்தான் பார்த்தார்கள்.

அவர்களில் ரொசாலியும் ஒருத்தி. மகள் ஜெனோவாவுக்கு இரண்டு வரன் வந்து, நிலையில் சாய்ந்து நின்ற குண்டைப் பார்த்து, காப்பிகூடக் குடிக்காமல் திரும்பியிருந்தது. மூன்றாவதாகத் தெற்கேயிருந்து ஓர் இடம் வந்தது, நல்ல இடம், பையன் கப்பலில் வேலை, ஜெனோவாவுக்கும் போட்டோவைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அவர்கள் வருகிற அன்றைக்கு விடியற்காலையில் ரொசாலி எழுந்து ஒரு காரியம் செய்தாள். தங்கூசி என்று மீன்வலைக்கு ஒரு நரம்பு உண்டு, தண்ணீரில் மீன் கண்ணுக்கே தெரியாது. அதில் ஒரு துண்டை எடுத்துக் குண்டில் முடிந்து, மறுமுனையைக் கதவு இடுக்கில் செருகி, குண்டு நேரே நிற்கிறவரைக்கும் இழுத்துக் கட்டினாள். எட்டி நின்று பார்த்தாள். நரம்பு தெரியவில்லை. குண்டு யோக்கியமாக நின்றது.

காலையில் தமயந்தி வந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கு உங்க வீட்டுல சாய்வே இல்லையே அக்கா" என்றாள்.

"நல்லதுதானம்மா" என்றாள் ரொசாலி.

அன்றைக்குப் பார்த்துத்தான் புயல் கூண்டு ஏற்றினார்கள். தங்கலுக்கு, கடலிலேயே ராத் தங்கி மீன் பிடிக்க, போயிருந்த வள்ளங்கள் இருட்டுவதற்கு முன்னால் கரை சேர வேண்டும், கஸ்பாரும் அதில் இருந்தான். சாயங்காலம் மாப்பிள்ளையின் அம்மா அமலோற்பவம், தன் அண்ணனையும் மதினியையும் கூட்டிக்கொண்டு வந்தாள். வாட்டசாட்டமான மனுஷி, வலை வீட்டில் பிறந்து வலை வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். வாசலிலேயே நின்று நிலையைப் பார்த்தாள், குண்டைப் பார்த்தாள்.

"குண்டு நேரா நிக்கு" என்று மதினியிடம் சொல்லிவிட்டு அமலோற்பவம் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

ஜெனோவா தேயிலைத் தண்ணீர் கொண்டுவந்தாள், சிரித்தாள், அவர்களும் சிரித்தார்கள். கோயில் ஒலிபெருக்கி கரகரத்தது. பாரம் இப்போது வடக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் பின்னால் இருப்பதாக டாக்டரம்மா சொல்கிறார், தெற்கு வாசல் சுத்தம், கணியம் பார்த்துத் தெற்கு வாசலிலேயே வரும்படி எல்லா வள்ளங்களுக்கும் சொல்லியாயிற்று, வீட்டில் உள்ளவர்கள் கவலைப்படவேண்டாம்.

ரொசாலி அமலோற்பவத்தின் கையில் இருந்த கண்ணாடித் தம்ளரைப் பார்த்தாள். தேயிலை மட்டமாக இல்லை. கடல் பக்கம் விளிம்புவரைக்கும் ஏறி, வீட்டுப் பக்கம் பாதிக்கு இறங்கி, நடுங்காமல் அப்படியே நின்றது. ஏனத்தில் இருந்த பலகாரம் ஒவ்வொன்றாகக் கடல் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. பாரம் வடக்கே இல்லை. கரையில், தெற்கு வாசலுக்கு எதிரே, அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்தது.

இன்னும் கொஞ்ச நேரம், சரி என்று ஒரு வார்த்தை வரட்டும், அப்புறம் ஓடிப் போய்ச் சொல்லலாம் என்று அவள் மனசு சொன்னது. கஸ்பார் கைகாரன், பார்த்து வருவான் என்றது. ஒரு வீட்டுக் குண்டில் கட்டினால் ஊர்க்கணக்கே தப்பிப் போகுமா, வேறு வீட்டில் சரியாக இருக்காதா என்றது. அப்போதுதான் அவளுக்கு எதிர்வீட்டு நிலை ஞாபகம் வந்தது. அங்கேயும் காலையில் குண்டு நேரே நின்றது. அதற்கு அடுத்த வீட்டிலும். பெண் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும். அத்தனை குண்டும் நேரே நின்றால் பாரம் தெற்கே இல்லை என்றுதானே டாக்டரம்மா கணக்குப் போடுவாள்.

"தேயிலை ஏன் ஒரு பக்கமா நிக்கு?" என்றாள் அமலோற்பவம்.

ரொசாலி எழுந்து போய் அரிவாள்மணையை எடுத்துவந்து அந்த நரம்பை அறுத்தாள். குண்டு விசுக்கென்று போய்க் கதவில் மோதி, கடலைப் பார்த்து விறைத்து நின்றது.

"நான்தான் கட்டினேன்" என்றாள். "எம்பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களை ஏமாத்தத்தான் கட்டினேன். அவங்க அப்பா இதை நம்பித்தான் வாராவ." மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

தெரு நடுவில் நின்றுகொண்டு அவள் போட்ட சத்தம் கோயில் ஒலிபெருக்கிக்கு வராது. "குண்டுல நரம்பு கட்டினவளுவ எல்லாம் இப்ப அறுங்கட்டி. நான் கட்டினேன், அறுத்துட்டேன். தெற்கு வாசலுக்கு நேரா பாரம் இருக்கு, ஆம்பளைய செத்துருவாவ."

கொஞ்ச நேரம் ஒரு கதவும் அசையவில்லை. பிறகு எதிர்வீட்டில் ஒரு கை வெளியே வந்து, கத்திரிக்கோல் நறுக்கென்றது, குண்டு கடலைப் பார்த்துச் சாய்ந்தது. அடுத்த வீட்டில் சாய்ந்தது. அதற்கடுத்து. தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, பிறகு நடுத்தெருவில், பிறகு வடக்குத் தெருவில், வீட்டுக்கு வீடு பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு வந்து அறுத்தார்கள், குண்டுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன. கோயில் வாசலிலிருந்து ஓடிவந்த தமயந்தி அதைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"நட்சத்திரம் பொய் சொல்லாது. அந்த நெனப்புலயே இருந்துட்டேன்."

"அதுகளுக்குக் கட்டிக்கொடுக்கப் பொண்ணு இல்லம்மா" என்றாள் ரொசாலி. "இப்ப என்ன செய்ய?"

வாக்கிடாக்கியில் கூப்பிட்டார்கள். காற்றின் இரைச்சல்தான் வந்தது. வடக்கு வாசலுக்குத் திரும்பிப் போகவும் இனி நேரமில்லை; கரையில் ஏறி நின்று பார்த்தால் வள்ளங்கள் தெரிந்தன, முன்னால் கஸ்பாரின் நீல வள்ளம், அது கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு நேராகப் பாறையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. ரொசாலி வயிற்றில் அடித்துக்கொண்டாள்.

தமயந்தி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, கேளுங்க. கோபுரம் ஒதுங்கி இருக்கு, அதனால அது நகர்ந்து மட்டும்தான் தெரியும். அவங்க சந்தேகப்பட மாட்டாங்க. ஆனா பாரத்துக்கு நேர் பின்னால ஏதாவது நின்னா, அது ரெண்டாத் தெரியும். வானத்துல அப்படித்தான் ஒரே நட்சத்திரக் கூட்டம் ரெண்டாத் தெரிஞ்சா நடுவுல கரும்பொருள் இருக்குன்னு கண்டுபிடிக்கறோம். பாரம் இன்னிக்கு வாசலுக்கு நேரா இருக்கு. அதுக்குப் பின்னால, கரைப் பக்கமா நாம போய் நிக்கணும். கிட்டப் போனா இழுக்கும்."

"இழுத்தா இழுக்கட்டும்" என்றாள் ரொசாலி.

பெண்கள் அவரவர் நிலையிலிருந்து நூலோடு குண்டை அறுத்துக் கையில் எடுத்துக்கொண்டார்கள். கையை நீட்டி, குண்டு காட்டுகிற பக்கம் நடந்தார்கள், திருவிழாவில் தேருக்கு முன்னால் மெழுகுதிரி பிடித்துப் போகிற மாதிரி நடந்தார்கள், காற்று சேலையைப் பிய்த்தது, குண்டுகள் முதலில் சாய்ந்தும் பிறகு படுத்தும் கடைசியில் கையை முந்திக்கொண்டு கிடையாகவும் நின்றன. ஈர மணலில் கால் கனத்தது. கரண்டைக்கால்வரை இறங்கியது, முழங்கால்வரை இறங்கியது. ஒருத்தி இடுப்பை ஒருத்தி பிடித்துக்கொண்டு பின்னால் சரிந்து நின்றார்கள். நடுவில், தமயந்தி காட்டிய இடத்தில், ரொசாலி நின்றாள். அவள் இடுப்பை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள், ஜெனோவாவாக இருக்கும் என்று திரும்பினால் அது அமலோற்பவம்.

"கடலைப் பாரு" என்றாள் அமலோற்பவம்.

நீல வள்ளம் வந்தது. அலை தூக்கும்போது தெரிந்தது, அலை இறங்கும்போது மறைந்தது. பாறையில் வெள்ளை நுரை எகிறிக்கொண்டிருந்தது, வள்ளம் அதைப் பார்த்தே வந்தது. ரொசாலி மாதாவே, மாதாவே என்று சொல்லிக்கொண்டே நின்றாள். வள்ளம் நின்றது. அலையில் ஏறி இறங்கிக்கொண்டு, எந்தப் பக்கமும் போகாமல், யோசிக்கிற மாதிரி நின்றது. பின்னால் வந்த வள்ளங்களும் நின்றன. பிறகு அதன் மூக்கு மெல்லத் திரும்பியது, கோபுரத்தை விட்டது, நுரையை விட்டது, நேரே ரொசாலியைப் பார்த்தது, ஒரே பாய்ச்சலாக வாசலுக்குள் வந்தது. அதன் தடத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக மற்ற வள்ளங்களும் உள்ளே வந்து, ஒதுங்கி, கரையில் ஏறின. கடைசியாக வந்தது மட்டும் பக்கவாட்டில் பாறையை உரசிக்கொண்டு வந்தது, அதற்கு மேலே ஒன்றும் ஆகவில்லை.

கஸ்பார் தண்ணீரில் குதித்து வந்தான். தொடைவரை மணலில் புதைந்து நிற்கிற பெண்டாட்டியைப் பார்த்தான்.

"தூரத்துல ரெண்டு ரொசாலி நின்னா" என்றான். "ஒருத்தி வடக்குப் பார் மேல, ஒருத்தி தெற்குப் பார் மேல. அசையாம நிக்கா ரெண்டு பேரும். எவளைப் பார்த்து வந்தாலும் சாவுதான்னு தெரிஞ்சு போச்சு. அதான் நீ இல்லாத இடமாப் பார்த்து நடுவுல விட்டேன்."

ரொசாலி சிரிக்கவில்லை. "பொண்ணு பார்க்க வந்தாவ" என்றாள். "நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன். நரம்பு கட்டி ஏமாத்தினேன், அப்புறம் அதையும் அறுத்துட்டேன். எம்பிள்ளைக்கு இனி யாரும் வரமாட்டாவ." கஸ்பார் ஈரக்கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு நின்றான்.

ரொசாலியின் இடுப்பைப் பிடித்திருந்த கை அப்போதும் பிடியை விடவில்லை. அந்தக் கைக்காரி அவள் தோளுக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.

"சம்மந்தி, பேசுனது போதும். முதல்ல என்னைத் தூக்கி விடுங்க, பெறவு உங்க வீட்டம்மாளைத் தூக்கலாம்."

கஸ்பாருக்கு அந்த முதல் சொல் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. ரொசாலிக்கு உடனே புரிந்துவிட்டது, அத்தனை நேரம் அழாதவள் அப்போதுதான் அழுதாள்.